எத்தனுக்கு எத்தன்: ‘தி ராக்ஃபோர்ட் ஃபைல்ஸ்’ துப்பறியும் தொடரில் எதிர்மோசடியும் நீதியும்

முன்னுரை

உண்மை வெளிப்பட்டால் நீதி தானே கிட்டும் என்பது துப்பறியும் கதைகளின் அடிப்படை நம்பிக்கை. குற்றவாளி யார் எனத் தெரிந்த பின்னரும் சட்டத்தால் அவரைத் தொட இயலாதபோது அந்நம்பிக்கை தடுமாறுகிறது. அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 1974 முதல் 1980 வரை ஒளிபரப்பான ‘தி ராக்ஃபோர்ட் ஃபைல்ஸ்’ தொடர், இத்தகைய சூழல்களில் துப்பறிவாளரையே மோசடிக்காரராக மாற்றுகிறது. ஏமாற்றியவரைத் திருப்பி ஏமாற்றும் இவ்வுத்தியின் கதையமைப்பையும் அறநிலையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

தொடரும் தலைமை மாந்தரும்

ராய் ஹக்கின்ஸ், ஸ்டீபன் கேனல் ஆகியோர் உருவாக்கிய இத்தொடரில் ஜேம்ஸ் கார்னர், ஜிம் ராக்ஃபோர்டு என்னும் தனியார் துப்பறிவாளராக நடித்தார். செய்யாத குற்றத்திற்காகச் சிறையிலிருந்து, பின்னர் மன்னிப்புப் பெற்று விடுதலையானவர் ராக்ஃபோர்டு. கலிபோர்னியாவின் மாலிபு கடற்கரையில் ஓர் இழுவை வண்டி வீட்டில் வாழ்கிறார். நாளொன்றுக்கு 200 டாலரும் செலவுத்தொகையும் அவரது கட்டணம். காரிலேயே சிறிய அச்சுக் கருவியை வைத்துக்கொண்டு, தேவைக்கேற்பப் போலி அடையாள அட்டைகளை அச்சிட்டுக்கொள்கிறார். சட்டம் தவறக்கூடும் என்பதைத் தம் வாழ்விலேயே கண்டவர் என்பதும், வேடம் அவரது அன்றாடத் தொழிற்கருவி என்பதும் எதிர்மோசடிக்கு ஏற்ற பின்புலமாகின்றன.

முன்னோடிக் கதை

இவ்வுத்தியின் வேரை, ஹக்கின்ஸ் முன்னர் உருவாக்கிய ‘மேவரிக்’ தொடரில் காணலாம். அதிலும் கார்னரே தலைமை மாந்தர். 1958இல் ஒளிபரப்பான ‘ஷேடி டீல் அட் சன்னி ஏக்கர்ஸ்’ என்னும் பகுதியில், சூதாட்டத்தில் வென்ற 15,000 டாலரை பிரெட் மேவரிக் ஒரு வங்கியாளரிடம் ஒப்படைக்கிறார். மறுநாள் அவ்வங்கியாளர் பணம் வாங்கவே இல்லையென மறுக்கிறார். ஊரார் நம்புவது வங்கியாளரையே. பணத்தை மீட்பேன் என வெளிப்படையாக அறிவித்துவிட்டு, எதிரேயுள்ள விடுதியின் முகப்பில் அமர்ந்து மரக்கட்டையைச் செதுக்கிக்கொண்டிருக்கிறார் மேவரிக். ஊரார் எள்ளி நகைக்கின்றனர். இதற்கிடையே அவரது தம்பியும் கூட்டாளிகளும் வெவ்வேறு வேடங்களில் ஊருக்குள் வந்து, ஒரு நிறுவனத்தின் பங்குகள் பெருவிலை பெறும் என வங்கியாளரை நம்பவைக்கின்றனர். செயலற்றிருப்பவர்போல் தோன்றுபவரே அனைத்தையும் இயக்குபவர் என்பது இக்கதையின் முரண்சுவை.

சட்டத்தின் காவலர் ஏமாறுதல்

‘தி ராக்ஃபோர்ட் ஃபைல்ஸ்’ தொடரின் ‘தி ஃபார்ன்ஸ்வொர்த் ஸ்ட்ராட்டஜம்’ (1975) இவ்வுத்தியை நகரச் சூழலுக்குக் கொணர்கிறது. விடுதிச் சொத்து ஒன்றில் முதலீடு செய்து ஏமாறுபவர், ராக்ஃபோர்டின் நண்பரும் காவல்துறை அதிகாரியுமான டென்னிஸ் பெக்கர். சட்டத்தைக் காப்பவரே முன்னாள் கைதியின் உதவியை எதிர்பார்க்க நேர்கிறது. ஜிம்மி ஜோ மீக்கர் என்னும் எண்ணெய்த் தொழிலதிபராக வேடமிடும் ராக்ஃபோர்டு, எண்ணெய் வளம் குறித்த ஆசையை மோசடிக்காரரிடம் விதைக்கிறார். பெக்கரின் இழப்பு, சட்டத்தின் இயலாமையைத் தனிமனிதத் துயராக உருமாற்றுகிறது.

கதையமைப்பு

மோசடிக்காரர்களின் குழூஉக்குறியை ஆராய்ந்த மொழியியலாளர் டேவிட் மாரர், 1940இல் வெளியான ‘தி பிக் கான்’ நூலில் மோசடியின் படிநிலைகளை விவரித்தார். இலக்கானவரைக் கண்டறிதல், நம்பிக்கை பெறுதல், ஆதாயம் கிட்டும் வழியைக் காட்டுதல், சிறுதொகை ஈட்டவைத்து உறுதிப்படுத்துதல், பெருந்தொகையைக் கொணரச் செய்தல், பறித்தபின் அவரை அகற்றுதல் என அவை தொடரும். இப்படிநிலைகள் இயல்பாகவே நாடகக் காட்சிகளாக அமையத்தக்கவை. மாந்தர், வேடம், அரங்கு, உச்சம் ஆகிய அனைத்தும் இவற்றில் உள்ளன.

துப்பறியும் கதையில் குற்றத்தின் கதை, புலனாய்வின் கதை என இரண்டு உள்ளன என்பது தோதரோவ் 1966இல் முன்வைத்த கருத்து. புலனாய்வு, நடந்து முடிந்ததை நோக்கிப் பின்செல்கிறது. எதிர்மோசடிக் கதையிலோ குற்றவாளியும் குற்றமும் தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகின்றன. எனவே கதை முன்னோக்கி நகர்கிறது. ‘யார் செய்தார்?’ என்ற வினாவின் இடத்தை ‘எவ்வாறு மீட்பார்?’ என்ற வினா பெறுகிறது. திட்டத்தின் ஒரு பகுதியை மட்டும் அறிந்த பார்வையாளர், கூட்டாளியாகவும் ஏமாறுபவராகவும் ஒருங்கே நிற்கிறார்.

அறநிலை

துப்பறிவாளர் பொய்யுரைப்பதைப் பார்வையாளர் ஏற்பதற்கு இக்கதைகள் இரு வரம்புகளை அமைக்கின்றன. முதலாவது, இலக்கானவரின் பேராசையே அவரை வீழ்த்துகிறது. தூண்டில் வெளியிலிருந்து வந்தாலும் அதைக் கவ்வுவது அவரது விருப்பமே. இரண்டாவது, நோக்கம் இழந்ததை மீட்பதே தவிர, செல்வம் சேர்ப்பதன்று. இவ்வரம்புகளைக் கடந்தால் எத்தனுக்கும் எதிர் எத்தனுக்கும் வேறுபாடு இராது.

ஆயினும் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. எது நியாயமான மீட்பு என்பதை உறுதிசெய்ய இங்கு நீதிமன்றமோ சாட்சியோ இல்லை. துப்பறிவாளரின் நற்குணம் ஒன்றே பிணை. கார்னரின் சோர்வும் தயக்கமும் கலந்த நடிப்பு அந்நற்குணத்தைப் பார்வையாளர் நம்பத் துணைசெய்கிறது. அந்நம்பிக்கையும் திறம்படக் கட்டமைக்கப்பட்டதே என்பதை மறத்தலாகாது.

முடிவுரை

எதிர்மோசடி இத்தொடரில் வெறும் கேளிக்கை உத்தியன்று. உண்மையை அறிதலும் நீதியைப் பெறுதலும் வெவ்வேறு என்பதைத் துப்பறியும் வகைமை தானே ஒப்புக்கொள்ளும் இடம் அது. மேவரிக் கதையில் ஊராரின் நம்பிக்கை வங்கியாளர் பக்கம் நின்றது. பெக்கரின் கதையில் அவரது பதவியும் அவரைக் காக்கவில்லை. சட்டம் விட்டுச்செல்லும் இடைவெளியைத் தனிமனிதரின் சாமர்த்தியம் நிரப்புவதைக் காணும் பார்வையாளர் மகிழ்கிறார். அத்தகைய நண்பர் வாய்க்காதவரின் இழப்பு மீட்கப்படாமலே போகும் என்பதை அம்மகிழ்ச்சி மறைத்துவிடுகிறது.