பெயிண்ட்டைப் பார்க்காதே... பின்னைப் பார்!

"ஸார்... ஒரு ஜே.சி.பி. வாங்கலாம்னு இருக்கேன்!"

மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே பக்கத்து ஸீட் நண்பர் இப்படிச் சொன்னதும் எனக்கு எலுமிச்சை சாதம் புரையேறிவிட்டது. எங்கள் ஆபீஸில் ரொம்ப ஆசைப்படுகிறவர்கள்கூட செகண்ட் ஹாண்ட் கார் வரைக்கும்தான் போவார்கள். இவர் நேரே ஏழரை டன்னுக்குத் தாவிவிட்டார்!

"மச்சினன் எட்டு வருஷமா ஆபரேட்டர் ஸார். அடுத்தவன் வண்டியவே ஓட்டிக்கிட்டிருக்கான். நம்ம சொந்த வண்டியா இருந்தா அவனுக்கும் ஒரு வழி, எனக்கும் மாசம் ஏதோ வரும். புதுசுக்கு முப்பது லட்சத்துக்கு எங்க போறது? பழசா ஒண்ணு பார்ப்போம்னு..."

கையில் பத்து லட்சம். அதில் ஐந்து, மனைவியின் நகை மேல் பாங்க்கில் வாங்கப்போகிறது. மூன்று, பி.எஃப். பணம். இரண்டு, வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்தது.

"ஏழரை டன் வண்டி... ஏழரைச் சனி ஆகிடாம பார்த்துக்குங்க!" என்றேன். சிரித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு சேலம் பக்கம் கிளம்பிவிட்டார்.

போகிற வழியில் ஒரு குட்டிச் சரித்திரம். பேப்பரில் 'பொக்லைன்' என்று எழுதுகிறார்கள். தெருவில் 'ஜே.சி.பி.' என்கிறோம். இரண்டுமே எந்திரத்தின் பெயர் இல்லை, கம்பெனிகளின் பெயர்! பொக்லைன் பிரெஞ்சுக் கம்பெனி. ஜே.சி.பி. என்பது ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்ற இங்கிலாந்துக்காரரின் இனிஷியல்கள். 1945-ல் ஒரு சின்ன ஷெட்டில் டிரெய்லர் செய்து விற்க ஆரம்பித்தவர் அவர். முன்னால் அள்ளும், பின்னால் தோண்டும் இந்த இரட்டைப் பிறவி, 1953-ல் அவர் கம்பெனியிலிருந்து வெளியே வந்தது. இந்தியாவில் 1979-ல் ஹரியானாவிலுள்ள பல்லப்கரில் கூட்டுக் கம்பெனியாகக் கால் வைத்தார்கள். இன்றைக்கு கேஸ், கேட்டர்பில்லர், மஹிந்திரா, நம்ம கோயமுத்தூர் புல் என்று யார் செய்த வண்டி வந்து நின்றாலும் நம்ம ஜனங்களுக்கு அது ஜே.சி.பி.தான்.

குழி தோண்டுவதை நின்று வேடிக்கை பார்ப்பதில் நமக்கு இருக்கிற ஆனந்தம் தனி. 2019 மே மாதத்தில் 'ஜே.சி.பி. தோண்டுவது' என்பதையே நாடு முழுக்க இன்டர்நெட்டில் ஜோக்காக்கித் தள்ளினார்கள். ஆனால் வேடிக்கை பார்ப்பது வேறு, வாங்குவது வேறு!

எங்களுடன் வந்தவர், மஞ்சள் எந்திரங்களோடு முப்பது வருஷம் குப்பை கொட்டிய மெக்கானிக் அண்ணன். கையில் ஒரு டார்ச், ஒரு சாக்பீஸ், ஒரு பழைய வேட்டித் துணி.

"இவ்வளவுதானாண்ணா?" என்றார் நண்பர்.

"கண்ணும் காதும் இருக்குதுங்களே... அது போதுங்க!"

பளபள மாப்பிள்ளை

காலை ஏழு மணிக்கு முதல் யார்டு. வண்டியைப் பார்த்ததும் நண்பரின் வாய் காதுவரை போய்விட்டது. பளிச்சென்று மஞ்சள் பெயிண்ட். டயருக்குக்கூடக் கறுப்பு பாலிஷ். 2013 மாடல். ஹவர் மீட்டர் 4,200 காட்டியது.

"நாலாயிரத்து இருநூறு மணி நேரம்தான் ஸார் ஓடியிருக்கு! சும்மா நின்ன வண்டி!" என்றார் புரோக்கர்.

அண்ணன் மீட்டரைப் பார்க்கவே இல்லை. பெடலைப் பார்த்தார். ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தது. லீவர்களின் குமிழைத் தடவினார். நம்பர்கள் அழிந்து மொழுமொழுவென்றிருந்தன.

"மீட்டரை மாத்தலாம் தம்பி. பெடல் தேஞ்சதை யார் மாத்துறா? நல்லா வேலை இருக்கிற வண்டி வருஷத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு, ரெண்டாயிரம் மணி நேரம் சாதாரணமா ஓடும். பத்து வருஷத்துக்கு மேல ஆன வண்டிக்கு நாலாயிரம்னா... பாதி நாள் பூஜை போட்டுட்டே இருந்தாங்களா?"

அடுத்து, பானெட்டில் கையை வைத்தார். இளஞ்சூடு! "நாம வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்காங்க. சூடான என்ஜின் யார் தொட்டாலும் எந்திரிக்கும். ராத்திரி முழுக்கத் தூங்கின என்ஜின் ஒரே சாவியில எந்திரிக்குதான்னு பார்க்கணும்."

அன்றைக்கு நான் கற்றுக்கொண்ட முதல் மந்திரம் இதுதான்: *என்ஜினைக் குளிர்ச்சியில் பார், ஹைட்ராலிக்கைச் சூட்டில் பார்!* குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருக்கும். தேய்ந்த பம்ப்பும் கிழிந்த ஸீலும் ஒளிந்துகொள்ளும். அரைமணி நேரம் வேலை செய்து ஆயில் சூடேறி இளகினால்தான் குட்டு வெளிப்படும்.

புகையும் பேசும். கறுப்பு என்றால் ஏர் ஃபில்டரோ, இன்ஜெக்டரோ, டீசல் பம்ப்போ தகராறு. நீலம் என்றால் என்ஜின் ஆயிலைக் குடிக்கிறது. வெள்ளை, ஸ்டார்ட் செய்தவுடன் கொஞ்சம் வந்து நின்றால் மன்னிக்கலாம். நிற்காமல் வந்தால் கும்பிடு போட்டுவிட்டு நகர வேண்டியதுதான். என்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியை மெல்லத் திறந்தார் அண்ணன். இட்லிப் பானையைத் திறந்த மாதிரி குப்பென்று ஆவி!

"பேக் கம்ப்ரெஷன் அடிக்குது. ரிங்கு, லைனர் எல்லாம் போச்சு. அடுத்த வண்டியைப் பார்ப்போம் வாங்க."

நண்பருக்கு மனசே இல்லை. பளபளப்பைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கல்லுடைச்ச கதை

இரண்டாவது வண்டி என்ஜினில் குறை சொல்ல முடியவில்லை. ஒரே சாவியில் எழுந்தது. அண்ணன் பின்பக்கம் போனார். பின் கையோடு ஒட்டி இரண்டு பைப் லைன்கள் கூடுதலாக ஓடின.

"இது எதுக்குத் தெரியுங்களா? ராக் பிரேக்கர் மாட்டுறதுக்கு. கல்லுடைச்ச வண்டி. மண்ணு தோண்டுனா உடம்பு வலிக்கும்; கல்லுடைச்சா எலும்பே ஆடிப்போயிரும்!"

பின் பக்கெட்டைத் தரையில் லேசாக ஊன்றி, ஆபரேட்டரைவிட்டு மேலும் கீழும் அசைக்கச் சொன்னார். மூட்டுக்கு மூட்டு 'லொடக் லொடக்'! ஒவ்வொரு மூட்டிலும் ஒரு பின், ஒரு புஷ். தினமும் கிரீஸ் அடித்தால் நீண்ட நாள் உழைக்கும். அடிக்காவிட்டால் பின் தேயும், புஷ் தேயும். அதோடு நின்றால் பரவாயில்லை, மாற்றிவிடலாம். அதற்கு மேலும் ஓட்டினால் துளையே முட்டை வடிவமாகிவிடும். அப்புறம் வெல்டிங் வைத்து லைன் போரிங் செய்ய வேண்டும். செலவு எங்கேயோ போகும்.

முக்கியமான இடம், பின் கை முழுவதையும் இடமும் வலமும் திருப்பித் தாங்குகிற கிங் போஸ்ட். டார்ச் அடித்துக் காட்டினார். அங்கே தகடு வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். கம்பெனி வெல்டிங் மீன் செதில் மாதிரி வரிசையாக இருக்கும். இது கோழி கிளறிய மாதிரி இருந்தது!

போதாக்குறைக்கு வண்டி வேறு மாநில ரிஜிஸ்ட்ரேஷன். ஆர்.சி.யில் பைனான்ஸ் கம்பெனி பெயர் உட்கார்ந்திருந்தது. "லோன் எல்லாம் முடிஞ்சாச்சு ஸார்... பேப்பர் அடுத்த வாரம் வந்துரும்" என்றார் விற்கிறவர்.

"அப்ப நாங்களும் அடுத்த வாரமே வர்றோங்க!" என்றார் அண்ணன்.

அழுக்கு வண்டி

மூன்றாவது வண்டி, ஒரு தோட்டத்து வேப்பமரத்தடியில் நின்றது. ஐயோ பாவம் என்றிருந்தது. பெயிண்ட் உரிந்து, ஸீட் கிழிந்து, பக்கெட் பல் இரண்டைக் காணோம். பின் டயர் ஒன்று மொட்டை. நண்பர் முகத்தில் ஈயாடவில்லை.

அண்ணன் குனிந்து கிரீஸ் நிப்பிள்களைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. ஒவ்வொரு மூட்டிலும் பழைய கிரீஸ் பிதுங்கி, அதன்மேல் புது கிரீஸ் பிதுங்கி நின்றது. "இதுதானுங்க வண்டியோட ஜாதகம்!"

பானெட் சில்லென்றிருந்தது. ஒரே சாவி. துளி வெள்ளைப் புகை, அப்புறம் சுத்தம். ஆயில் குச்சியை உருவி வேட்டித் துணியில் துடைத்தார். கறுப்பாக இருந்தது, கவலையில்லை. பால் காபி மாதிரி வெளுத்திருந்தால்தான் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். ஹைட்ராலிக் ஆயிலுக்கும் அதே சோதனை.

அரைமணி நேரம் குழி தோண்ட வைத்தார். பிறகு இரண்டு பக்கெட்டையும் உயரத் தூக்கி, என்ஜினை அணைத்து, ஜாக்கி ராடுகளில் சாக்பீஸால் கோடு போட்டார். "டீ குடிச்சுட்டு வருவோம். அதுக்கடியில மட்டும் யாரும் நிக்காதீங்க!"

பத்து நிமிஷம் கழித்து வந்தோம். முன் பக்கெட் அசையவில்லை. பின் கை இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. "ஒரு ஸீல் கிட் மாத்துனாச் சரியாயிரும். ராடுல கீறல் இல்ல பாருங்க. கீறல் இருந்தா எத்தனை ஸீல் போட்டாலும் அறுத்துக்கிட்டே இருக்கும்."

கடைசியாக, ஆயில் சூடாக இருக்கும்போதே முன்னே, பின்னே, முன்னே, பின்னே என்று கியர் மாற்றினார்கள். தயங்காமல் எடுத்தது. மண்மேட்டில் முட்டவிட்டார்கள், என்ஜின் மட்டும் கத்தாமல், வண்டியும் தள்ளியது. கியர் பாக்ஸும் டார்க் கன்வெர்ட்டரும் பாஸ்!

சொந்தக்காரர் ஒரு விவசாயி. உள்ளே போய் பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்து வந்தார். என்றைக்கு ஆயில் மாற்றினார், எந்த ஹோஸ் வெடித்தது என்று பென்சிலில் பல வருஷக் கணக்கு! ஹவர் மீட்டர் பதினோராயிரத்தைத் தாண்டியிருந்தது. ஒளிவுமறைவே இல்லை.

"பழைய கிர்லோஸ்கர் என்ஜின். டீசல் பம்ப் எல்லாம் மெக்கானிக்கல். பக்கத்து ஊர் மெக்கானிக்கே பிரிச்சு மாட்டிருவான்" என்றார் அண்ணன். 2021 ஏப்ரலில் இந்த வகை சக்கர எந்திரங்களுக்கு பாரத் ஸ்டேஜ் 4 விதி வந்தது. அதற்கப்புறம் வந்த வண்டிகளில் எலெக்ட்ரானிக் சமாசாரங்கள் கூடின. புகை குறைவு, நல்லதுதான். ஆனால் கோளாறு என்றால் ஸ்பானரோடு லாப்டாப்பும் வர வேண்டும். சின்ன பட்ஜெட்காரருக்கு அது கொஞ்சம் இடிக்கும்.

கணக்கு எங்கே இடிக்கிறது?

சொந்தக்காரர் கேட்டது ஒன்பது. படிந்தது எட்டேகால். மீதி ஒன்றேமுக்காலைப் பார்த்து நண்பர், "அப்ப நகையில பாதியை மீட்டுடலாமே!" என்று துள்ளினார்.

"தொட்டுடாதீங்க!" என்றார் அண்ணன். டீக்கடை பெஞ்சிலேயே ஒரு கணக்கு போட்டோம். பேச்சுக்கு, வாடகை மணிக்கு 1,100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாசம் நூறு மணி நேரம் வேலை. வரவு 1,10,000. மணிக்கு ஐந்து லிட்டர் வீதம் டீசல் ஏறக்குறைய 46,500. மச்சினன் சம்பளம், பேட்டா 28,000. ஆயில், ஃபில்டர், கிரீஸ், சில்லறை ரிப்பேர் 10,000. நகை வட்டி நாலாயிரத்துச் சொச்சம். கையில் நிற்பது இருபத்தோராயிரம். இன்ஷூரன்ஸ், டயர் தேய்மானம் இன்னும் கழிக்கவில்லை!

இதில் கியர் பாக்ஸோ என்ஜினோ ஒருமுறை படுத்து ஒரு லட்சம் கேட்டால், ஐந்து மாச வருமானம் அவுட். அந்த நேரம் கையில் காசு இல்லாவிட்டால் வண்டி நிற்கும், வட்டி நிற்காது. பத்து லட்சம் வைத்திருக்கிறவர் பத்து லட்ச ரூபாய் வண்டி வாங்கக் கூடாது. எட்டு லட்ச ரூபாய் வண்டி வாங்க வேண்டும்!

போகும்போது மறக்காதீங்க!

* சேஸிஸ் நம்பர், என்ஜின் நம்பரை ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெயிண்டுக்கு அடியில் இருந்தால் சுரண்டியாவது!

* ஆர்.சி.யில் பைனான்ஸ் இருந்தால் பாரம் 35-ம், கடன் தீர்ந்த கடிதமும் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள்.

* பெயர் மாற்ற பாரம் 29, 30. வேறு மாநில வண்டிக்கு பாரம் 28. 'பேரை அப்புறம் மாத்திக்கலாம்' என்ற பேச்சே வேண்டாம்.

* இன்ஷூரன்ஸ், வரி பாக்கி பாருங்கள். பாக்கி உங்கள் தலையில்தான் விழும்.

* மாப்பிள்ளையைப் பற்றி அடுத்த தெருவில் விசாரிக்கிற மாதிரி, வண்டியை ஓட்டிய ஆபரேட்டரைப் பிடித்து ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். புரோக்கர் சொல்லாததை அவர் சொல்வார்.

ஆறு மாசம் ஆயிற்று. ஸீல் கிட், நாலு பின், புஷ், ஒரு டயர், பக்கெட் பல் எல்லாம் சேர்த்து ஒதுக்கி வைத்ததில் ஒரு லட்சத்தைத் தின்றுவிட்டுத்தான் அந்த வண்டி ஒழுங்காக உழைக்க ஆரம்பித்தது. மச்சினன் முகத்தில் ஒரு முதலாளிக் களை. முதல் வளையல் ஜோடியை மீட்டுக்கொண்டு வந்து நண்பர் ஆபீஸில் ஸ்வீட் கொடுத்தார்.

"எல்லாம் சரி... வண்டிக்கு இன்னும் பெயிண்ட் அடிக்கலியே?" என்று கேட்டேன்.

மைசூர்பாகை வாயில் போட்டுக்கொண்டே கண்ணடித்தார்:

"பெயிண்ட்டா? அது விக்கிறப்போ ஸார்!"