பூச்சிப் பல்: அடைப்பதா, பிடுங்குவதா? கோரிமேட்டில் குறைந்த செலவில் சிகிச்சை பெறுவது எப்படி?

திண்டிவனம் பக்கமிருந்து வரும் பஸ் புதுச்சேரி எல்லையைத் தாண்டியதும் வருகிறது கோரிமேடு. ஜிப்மர் ஸ்டாப்பில் காலையில் இறங்கும் கூட்டத்தில் கையில் ஃபைலோடு இருப்பவர்கள்தான் அதிகம். நடுவே, ஒரு பக்கக் கன்னத்தைக் கையால் தாங்கியபடி இறங்குபவர்களும் உண்டு. ராத்திரி முழுக்கத் தூங்கியிருக்க மாட்டார்கள். கிராம்பு வைத்தாயிற்று, உப்புத்தண்ணீர் கொப்பளித்தாயிற்று, மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டாயிற்று. கடைசியில் ஒரே வேண்டுதல்தான்: "டாக்டர், இந்தப் பல்லைப் புடுங்கி விட்டுருங்க."

பிடுங்காமலே காப்பாற்றியிருக்கக்கூடிய பல்லாக அது இருந்திருக்கலாம். செலவை நினைத்துத் தள்ளிப்போட்டதில்தான் பலருக்குப் பல்லும் போகிறது, பணமும் போகிறது. சொத்தை எப்படி வருகிறது, எந்தக் கட்டத்தில் என்ன சிகிச்சை, கையில் காசு இல்லாதவர்கள் எங்கே போவது? பார்க்கலாம்.

பல்லில் நிஜமாகவே பூச்சி இருக்கிறதா?

இல்லை. 'பூச்சிப் பல்' என்பது பேச்சு வழக்கு, அவ்வளவுதான். கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டு, அந்தப் புகையை வாயில் பிடித்தால் பல்லில் இருக்கும் புழு விழும் என்று கிராமங்களில் இன்றும் சொல்வார்கள். தமிழ்நாட்டில் மட்டும் இல்லை, ஐரோப்பாவிலும் பல நூற்றாண்டுகள் இதே நம்பிக்கை இருந்தது. அதை எழுத்தில் மறுத்தவர்களில் முக்கியமானவர் பியர் ஃபோஷார் என்ற பிரெஞ்சு பல் மருத்துவர். நுண்ணோக்கியில் பார்த்தும் புழு எதுவும் தென்படவில்லை என்று 1728-ல் வெளியான தன் நூலில் சொன்னார். புதுச்சேரி அப்போது பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த காலம் அது!

உண்மையான காரணத்தை 1890-ல் விளக்கியவர் பெர்லினில் வேலை பார்த்த அமெரிக்கர் வில்லோபி மில்லர். வாயில் இருக்கும் பாக்டீரியாக்கள் நாம் சாப்பிடும் சர்க்கரையையும் மாவுப் பொருளையும் தின்று அமிலத்தை வெளியேற்றுகின்றன. அந்த அமிலம் பல்லின் வெளிப்பூச்சான எனாமலைக் கரைக்கிறது. உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் எனாமல்தான். ஆனால் வாயின் அமிலநிலை, அதாவது பி.எச். அளவு, சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் அதுவும் கரையத் தொடங்கிவிடும்.

இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. உமிழ்நீர் அந்த அமிலத்தை மெல்ல மெல்லக் கழுவி, இழந்த கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் பல்லுக்குத் திரும்பக் கொடுக்கும். அதற்கு அரை மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் வரை தேவை. அதற்குள் இன்னொரு டீ, இன்னொரு பிஸ்கட் என்று போனால் உமிழ்நீருக்கு வேலை பார்க்க இடைவெளியே கிடைக்காது. அதனால் எவ்வளவு இனிப்பு சாப்பிடுகிறோம் என்பதைவிட, ஒரு நாளைக்கு எத்தனை தடவை சாப்பிடுகிறோம் என்பதுதான் முக்கியம். ஒரு லட்டை உட்கார்ந்து தின்று முடிப்பவரைவிட, கல்லாவில் உட்கார்ந்து நாள் முழுக்கச் சர்க்கரை போட்ட டீயை உறிஞ்சிக்கொண்டே இருப்பவருக்குத்தான் ஆபத்து அதிகம்.

வலி வந்தால்தான் டாக்டரா?

இங்கேதான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். எனாமலில் நரம்பு கிடையாது. அதனால் ஆரம்பச் சொத்தை வலிக்காது.

முதல் கட்டத்தில் பல்லில் சுண்ணாம்பு போல ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். குழி இன்னும் விழவில்லை. ஃபுளோரைடு உள்ள பேஸ்ட், டாக்டர் பூசிவிடும் ஃபுளோரைடு வார்னிஷ், நொறுக்குத்தீனியைக் குறைப்பது, இவற்றாலேயே இதைத் திருப்ப முடியும். குழி விழுந்துவிட்டால் தானாக மூடாது. எந்தப் பற்பொடியும் அதை நிரப்பாது. அப்போது சுத்தம் செய்து அடைக்க வேண்டும். சொத்தை எனாமலைத் தாண்டி உள்ளே இருக்கும் டென்டினைத் தொட்டதும், ஐஸ்க்ரீம் பட்டால் 'சுர்'ரென்று கூச்சம் வரும். அந்தச் 'சுர்' வரும்போதே போனால் பெரும்பாலும் ஒரே சிட்டிங்கில் அடைத்துவிடலாம்.

அதையும் விட்டால் கிருமி நடுவில் இருக்கும் பல்கூழை எட்டிவிடும். ரத்தக்குழாயும் நரம்பும் இருக்கும் இடம் அது. ராத்திரியில் படுத்ததும் விண் விண்ணென்று தெறிப்பது இந்தக் கட்டத்தில்தான். இப்போது வெறும் அடைப்பு போதாது. ரூட் கேனால் செய்ய வேண்டும், இல்லையென்றால் பிடுங்க வேண்டும்.

இதில் ஒரு ஏமாற்று வேலையும் உண்டு. சில நாள் கழித்து வலி திடீரென நின்றுவிடும். "சரியாப் போச்சு" என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். பல நேரங்களில் நரம்பு செத்துவிட்டது என்றுதான் அதற்கு அர்த்தம். கிருமி சத்தமில்லாமல் வேருக்குக் கீழே எலும்பில் சீழ் கட்டிக்கொண்டிருக்கும்.

செலவும் இதே படிக்கட்டில்தான் ஏறுகிறது. தனியார் கிளினிக்கில் அடைப்பு சில நூறுகளில் தொடங்கும். ரூட் கேனால் என்றால் ஆயிரங்கள். அதன் மேல் போடும் 'கேப்'புக்குப் பெரும்பாலும் தனிக் கணக்கு. பல்லை எடுத்துவிட்டு இம்ப்ளான்ட் வைப்பதென்றால் பல்லாயிரங்கள். பேசும்போதே "ரூட் கேனால் சார்ஜில் கேப்பும் சேர்த்தியா? எந்த வகை கேப்? மொத்தம் எத்தனை சிட்டிங்?" என்று கேட்டுவிடுவது நல்லது. கேப் போடாமல் விட்ட கடைவாய்ப் பல் பிறகு பிளந்துபோனால், முதலில் செய்த செலவும் வீண்.

கோரிமேட்டில் எங்கே போவது?

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. கோரிமேடு இந்திரா நகரில் அரசின் மகாத்மா காந்தி பல் மருத்துவப் பட்டமேற்படிப்பு நிறுவனம் இருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு அது 'டென்டல் காலேஜ்'. அடைப்பு, ரூட் கேனால், குழந்தைகளுக்கான பல் சிகிச்சை, ஈறு சிகிச்சை, பல்செட் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் துறை இங்கே உண்டு. பக்கத்திலேயே மத்திய அரசின் ஜிப்மர், அதிலும் பல் மருத்துவத் துறை இருக்கிறது. கம்பெனியில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்படுபவர்களுக்கு கோரிமேட்டிலேயே ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையும் உண்டு. மாதாமாதம் சம்பளத்தில் பணம் போகிறது, ஆனால் பல்லுக்கும் அங்கே போகலாம் என்பது நிறையப் பேருக்குத் தோன்றுவதே இல்லை.

எல்லை தாண்டிப் பார்த்தால், தமிழ்நாட்டில் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி, சிதம்பரத்தில் இருக்கும் கடலூர் மாவட்ட அரசு பல் மருத்துவக் கல்லூரி, 2023-ல் திறக்கப்பட்ட புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆகியவை இருக்கின்றன. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் கட்டணம் வெளியே இருக்கும் கிளினிக்குகளைவிடப் பொதுவாகக் குறைவு. மாணவர்கள் பயிற்சி பெற நோயாளிகள் வர வேண்டும் என்பதுதான் காரணம்.

"ஸ்டூடன்ட் கையில பல்லைக் கொடுக்கறதா?" என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் அங்கே மாணவர் தனியாக வேலை செய்வதில்லை. ஒவ்வொரு கட்டத்தையும் ஆசிரியர் பார்த்து, சரி என்ற பிறகுதான் அடுத்த கட்டம். நீங்கள் கொடுக்கும் விலை பணமல்ல, நேரம். வெளியே அரை மணியில் முடியும் அடைப்புக்கு இங்கே அரை நாள் ஆகலாம். ரூட் கேனாலுக்கு நாலைந்து முறை வரச் சொல்லலாம். தினக்கூலிக்குப் போகிறவருக்கு அந்த நாலைந்து நாள் சம்பளமும் ஒரு செலவுதான், அதையும் கணக்கில் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். முதல் நாளே "எத்தனை தடவை வரணும்?" என்று கேட்டுக்கொண்டால் வேலைக்கு லீவு சொல்ல வசதி. பாதியில் விட்ட ரூட் கேனால், செய்யாததைவிட மோசமாகவும் முடியலாம்.

பொதுவான மருத்துவக் காப்பீட்டை இதில் அதிகம் நம்ப வேண்டாம். பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் படுக்கை போட்டுச் செய்யும் சிகிச்சைக்கானவை. விபத்தில் பல் உடைந்தால் கிடைக்கலாம், சொத்தைக்கு அனேகமாகக் கிடைக்காது.

எல்லா அடைப்பும் ஒன்றா?

இல்லை. பல் நிறத்தில் இருக்கும் காம்போசிட் பார்க்க அழகு, விலை கொஞ்சம் கூடுதல். வெள்ளி நிற அமால்கம் பல காலமாக இருந்த உறுதியான அடைப்பு. அதில் பாதரசம் இருப்பதால், 2013-ல் உருவான மினமாட்டா ஒப்பந்தத்துக்குப் பிறகு உலகம் முழுக்க அதன் பயன்பாடு குறைந்து வருகிறது. வாயில் ஏற்கெனவே இருக்கும் நல்ல அமால்கத்தை இதற்காகப் பயந்து தோண்டி எடுக்கத் தேவையில்லை.

குறைந்த செலவுக்குக் கைகொடுப்பது கிளாஸ் அயனோமர். பல்லோடு தானாக ஒட்டிக்கொள்ளும், மெல்ல ஃபுளோரைடும் கசியவிடும். டிரில் இல்லாமல் கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி இதை வைத்து அடைக்கும் முறை 1980-களில் டான்சானியாவில் உருவானது. கரண்ட் இல்லாத ஊரிலும் செய்யலாம்.

இன்னொன்று சில்வர் டயமைன் ஃபுளோரைடு என்ற திரவம். ஊசி கிடையாது, டிரில் கிடையாது. ஒரு சொட்டு தடவினால் சொத்தை மேலே பரவுவது பெரும்பாலும் நிற்கும். ஒரே குறை, தடவிய இடம் நிரந்தரமாகக் கருப்பாகிவிடும். நாற்காலியில் உட்கார மறுத்து அலறும் மூன்று வயதுப் பிள்ளைக்கும், படுக்கையில் இருக்கும் பாட்டிக்கும் இது பெரிய வரம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் இதையும் கிளாஸ் அயனோமரையும் ஃபுளோரைடு பேஸ்ட்டையும் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது.

மலிவு மட்டும் போதுமா?

போதாது. 2023-ல் திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்ற சிலருக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் தொற்று ஏற்பட்டு 8 பேர் உயிரிழந்தார்கள். சுத்தமில்லாத கருவியால் திறந்து, மூடாமல் மறுபடி மறுபடி பயன்படுத்திய சலைன் பாட்டில்தான் கிருமி பரவிய வழியாக ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். தனியாரோ அரசோ, கருவிகள் சீல் வைத்த கவரிலிருந்து எடுக்கப்படுகிறதா, டாக்டர் கையுறையை மாற்றுகிறாரா என்று பார்ப்பதும் கேட்பதும் தப்பே இல்லை. பல் மருத்துவர் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது 1948 முதல் சட்டம். தெருவோரத்தில் பல் கட்டுபவருக்கு அந்தப் பதிவு எண் இருக்காது.

எப்போது ஓ.பி.க்குக் காத்திருக்கக் கூடாது?

கன்னமோ தாடைக்குக் கீழோ வீங்கி, காய்ச்சலும் வந்து, வாயைத் திறக்க முடியவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை, மூச்சு வாங்குகிறது என்றால் அது வெறும் பல்வலி இல்லை. தொற்று கழுத்துக்கு இறங்குகிறது. ராத்திரி இரண்டு மணியானாலும் ஜிப்மர் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். சர்க்கரை நோயாளிகள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் சொத்தையைக் குணப்படுத்தாது. கிராம்பு எண்ணெயில் இருக்கும் யூஜினால் கொஞ்ச நேரம் மரத்துப்போக வைக்கும், அவ்வளவே. வலி மாத்திரையைப் பல்லின் மேலேயே வைத்து அடக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். ஈறு வெந்துவிடும்.

"பால் பல்தானே, விழுந்துடும்"

கடைவாய்ப் பால் பற்கள் விழுவது 10 முதல் 12 வயதில். 5 வயதில் சொத்தையானால் இன்னும் ஐந்தாறு வருடம் பிள்ளை அதை வைத்துத்தான் மெல்ல வேண்டும். சீக்கிரம் பிடுங்கினால் பக்கத்துப் பல் சாய்ந்து, பின்னால் முளைக்கும் பல்லின் இடத்தை அடைத்துக்கொள்ளும். பிறகு கம்பி போடும் செலவு.

பெற்றோர் அதிகம் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 6 வயது வாக்கில் கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, புதிதாக ஒன்று முளைக்கும். அது நிரந்தரக் கடைவாய்ப் பல். பால் பல் என்று நினைத்து விட்டால் 10 வயதிலேயே அது போய்விடும். முளைத்ததும் அதன் பள்ளங்களை 'சீலன்ட்' வைத்து மூடச் சொல்லிக் கேட்கலாம்.

பேஸ்ட் விஷயத்தில் விளம்பரத்தைப் பார்க்காமல் டியூபைத் திருப்பி ஃபுளோரைடு இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவில் 1000 பி.பி.எம். வரை அனுமதி. 3 வயதுக்குக் கீழே அரிசி அளவு, 6 வயது வரை பட்டாணி அளவு போதும். தேய்த்து முடித்ததும் துப்பினால் போதும், வாய் நிறையத் தண்ணீர் விட்டு அலசினால் ஃபுளோரைடும் போய்விடும். தருமபுரி, கிருஷ்ணகிரி போல நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு அதிகமுள்ள ஊரில் இருந்தால் மட்டும் குழந்தைக்கு எது சரி என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

போவதற்கு முன்

ஆதாரும், சிவப்பு ரேஷன் கார்டு இருந்தால் அதுவும் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டணச் சலுகை உண்டா என்று பதிவு கவுன்ட்டரிலேயே விசாரியுங்கள். சர்க்கரை, பிரஷர், ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை எது சாப்பிட்டாலும் அந்தச் சீட்டைக் காட்டுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். கர்ப்பிணி என்றாலோ, இதய வால்வு ஆபரேஷன் நடந்திருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். விழுப்புரம் பக்கமிருந்து வருபவர்கள் விடுமுறையைப் பார்த்துக் கிளம்புவது நல்லது. நவம்பர் 1 தமிழ்நாட்டில் வேலைநாளாக இருந்தாலும் புதுச்சேரியில் விடுதலை நாள் விடுமுறை. சர்க்கரை நோய் இருப்பவர்கள் முக்கியமாக, டாக்டர் வேறு மாதிரி சொல்லாத வரை, வெறும் வயிற்றோடு போக வேண்டாம். இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டே வரிசையில் நில்லுங்கள். மரத்துப்போக ஊசி போட்டால், அது தெளியும் வரை சில மணி நேரம் எதையும் மெல்ல முடியாது.