ஒரு நாற்காலிக்கு நான்கு டியூபா

மேற்கத்திய சிம்பனி மேடையில் வயலின்காரர்கள் முப்பது பேர் வரை இருப்பார்கள். டியூபாவுக்கு ஒரே ஒரு நாற்காலி. கடைசி வரிசையில், டிராம்போன்களுக்குப் பக்கத்தில், பளபளக்கும் பித்தளை அண்டா ஒன்றை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்தபடி ஒருவர் உட்கார்ந்திருப்பாரே, அவருக்கு உரியது அது. ட்வோர்ஷாக் 1893-இல் எழுதி முடித்த ‘புதிய உலக’ சிம்பனியில் அவர் வாசிக்க வேண்டிய சுரங்கள் மொத்தமே 14. முக்கால் மணி நேரத்துக்கு மிச்சமெல்லாம் மௌனம்.

அந்தப் 14 சுரங்களுக்காக அந்த மனிதர் என்ன செலவு செய்திருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் நல்ல வேலையில் இருக்கும் ஒரு டியூபா கலைஞரின் பயிற்சி அறைக்குள் எட்டிப் பார்த்தால் எனக்குத் தலைகால் புரிவதில்லை. ஒன்றல்ல, நான்கைந்து நிற்கும்! வாருங்கள், உள்ளே போவோம். கதவை மெதுவாகத் திறக்க வேண்டும். எந்த மூலையிலிருந்து எந்தக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும் என்று சொல்ல முடியாது.

நடுவில் ஸ்டாண்டில் நிற்கிற பெரியது சி டியூபா. அதன் குழாயைப் பிரித்து நேராக நீட்டினால் சுமார் 16 அடி. அமெரிக்க இசைக்குழுக்களில் அன்றாட வேலைக்கு இதுதான். ஜெர்மனிக்கும் ரஷ்யாவுக்கும் போனால் இதைவிட நீளமான, 18 அடி பி ஃபிளாட் டியூபா. பக்கத்தில் சற்றே சிறியதாக ஒன்று, எஃப் டியூபா, 12 அடி. பிரிட்டனில் இதன் இடத்தில் பெரும்பாலும் ஈ ஃபிளாட் டியூபா இருக்கும். அதற்கும் பக்கத்தில் யூஃபோனியம், 9 அடி. சுவரோரம் கோணல்மாணலாக, டிராம்போனுக்கும் டியூபாவுக்கும் பிறந்த பிள்ளை போல நிற்கிறதே, அது சிம்பாஸ்ஸோ.

எதற்கு இத்தனை? ஒன்று போதாதா? போதாது என்பதற்குக் காரணம் குழாயிலேயே இருக்கிறது. நீளமான குழாய் தரும் அடிக்குரல் பிரமாதமாக இருக்கும். ஆனால் மேல்ஸ்தாயிக்குப் போகப் போக அதில் அடுத்தடுத்த சுரங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். உதட்டின் இறுக்கம் ஒரு மயிரிழை பிசகினால் பக்கத்துச் சுரம் வந்துவிடும், அரங்கம் முழுக்கக் கேட்கும். குட்டையான குழாயில் அதே உயரத்தில் சுரங்களுக்கிடையே இடைவெளி அதிகம், ஆபத்து குறைவு. வாக்னர், புரோகோஃபியேவ் இசைக்குச் சி டியூபாவைத் தூக்குகிறவர், மெலிதான மேல்ஸ்தாயி வரிகளுக்கு எஃப் டியூபாவுக்கு மாறுவது இதனால்தான்.

பல நேரம் இசையமைப்பாளர்களே பணப்பையைத் திறக்க வைக்கிறார்கள். முசோர்க்ஸ்கியின் ‘கண்காட்சிச் சித்திரங்கள்’ பியானோ படைப்பை 1922-இல் ராவெல் இசைக்குழுவுக்கு மாற்றியபோது, மாட்டு வண்டி வரும் பகுதியில் டியூபாவுக்கு ஒரு தனி வாசிப்பு வைத்தார். அவர் மனத்தில் இருந்தது அன்றைய பிரெஞ்சு டியூபா, அளவில் மிகச் சிறியது. இன்றைய பெரிய டியூபாவில் அந்த உயரத்தைத் தொடுவது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்கிற காரியம். ஆகவே பலர் அந்த ஒரு பகுதிக்கு யூஃபோனியத்தை எடுக்கிறார்கள். வெர்டியின் ஓபராக்கள் சிம்பாஸ்ஸோவைக் கேட்கும். பெர்லியோஸ் 1830-இல் தன் ‘அற்புத சிம்பனி’யை எழுதியபோது டியூபா பிறக்கவே இல்லை, பிரஷ்யாவில் வீப்ரெஹ்ட்டும் மோரிட்ஸும் அதற்குக் காப்புரிமை வாங்கியது 1835 செப்டம்பரில். பெர்லியோஸ் எழுதியது ஓஃபிக்ளைட் என்ற பழைய கருவிக்கு. அதையும் தேடிப் பிடித்து வாங்குகிற ஆட்கள் உண்டு. அவர்களை நினைத்தால் எனக்குக் கொண்டாட்டமாக இருக்கிறது.

இனி விலைக்கு வருவோம். தொழில்முறைத் தரத்தில் புதிய சி டியூபா 15,000 டாலரில் தொடங்கி 30,000-ஐத் தாண்டும். எஃப் டியூபாவுக்கு 10,000-க்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல யூஃபோனியம், சிம்பாஸ்ஸோ இரண்டும் சேர்த்தால் இன்னொரு பத்துப் பதினைந்தாயிரம். உயர்ந்த ரகமாகவே பார்த்து வாங்குகிறவருக்கு நான்கும் சேர்ந்து 60,000 டாலர் ஆவது சாதாரணம். டாலருக்கு 85 ரூபாய் என்று போட்டால் ஐம்பது லட்சத்துக்கு மேல். இன்னும் மவுத்பீஸ் கணக்கையே நான் தொடவில்லை!

இந்த விலைகளுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. டியூபாக்காரர்கள் எங்கே கூடினாலும் பேச்சு கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும். 1930-களின் தொடக்கத்தில் பிலடெல்பியா இசைக்குழுவின் நடத்துநர் லியோபோல்ட் ஸ்டோகோவ்ஸ்கிக்கு, தேவாலய ஆர்கன் போல அரங்கத்தின் தரையையே அதிரவைக்கும் அடிக்குரல் வேண்டியிருந்தது. மிஷிகன் மாநிலம் கிராண்ட் ராப்பிட்ஸில் இருந்த யார்க் கம்பெனி அதற்காகவே பிரம்மாண்டமான சி டியூபாக்களைச் செய்து கொடுத்தது. வாசிக்க வேண்டியவர் ஃபிலிப் டொனாட்டெல்லி. அவரோ நல்ல பருமனான மனிதர். அவர் உடல்வாகுக்கும் கருவியின் வடிவத்துக்கும் ஒத்துவரவில்லை, மவுத்பீஸ் சரியாக வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். அவரிடம் கர்ட்டிஸ் இசைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஆர்னால்ட் ஜேக்கப்ஸ் என்ற இளைஞர் அவற்றில் ஒன்றை 175 டாலருக்கு, தவணை முறையில் வாங்கிக்கொண்டார்.

175 டாலர்! அந்த ஜேக்கப்ஸ் 1944-இல் சிகாகோ சிம்பனியில் சேர்ந்து 1988 வரை அங்கேயே இருந்தார். உலகத்தின் பித்தளை வாத்தியக்காரர்களெல்லாம் சிகாகோ வரிசையின் ஒலியைக் கேட்டு மலைத்த காலம் அது. அந்த ஒலிக்கு அடித்தளம் இந்த யார்க். பிறகு அதன் ஜோடியையும் தேடிப் பிடித்துச் சேர்த்துக்கொண்டார். இன்று இரண்டும் சிகாகோ சிம்பனியின் சொத்து. 1989 முதல் அந்த நாற்காலிக்கு வந்த ஜீன் பொகோர்னி அவற்றை வாசித்தார்.

அந்த ஒலியைக் காதால் கேட்ட தலைமுறைக்கு அது தன் வீட்டிலும் வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. சுவிட்சர்லாந்தின் சுமிஸ்வால்ட் ஊரில் இருந்த ஹிர்ஸ்ப்ருன்னர் பட்டறை யார்க்கைப் பார்த்துப் பிரதி செய்தது. அதற்கு ‘யார்க்ப்ருன்னர்’ என்று செல்லப்பெயர். ஜப்பானின் யமஹா தன் பங்குக்கு ஒன்றைச் செய்தது; அது ‘யமயார்க்’ ஆனது. அதன் விலை 30,000 டாலரை எளிதாகத் தாண்டும். பிறகு சீனத் தொழிற்சாலைகளில் செய்த பிரதிகள் அதில் பாதிக்கும் குறைவான விலையில் வந்தன, மாணவர்களும் வாங்கத் தொடங்கினார்கள். குழாயின் விட்டம், மணி எனப்படும் விரிந்த வாயின் அகலம், தகட்டின் கனம் எல்லாவற்றையும் அளந்து செய்தும், இது அந்த யார்க்தானா இல்லையா என்ற விவாதம் ஓய்ந்தபாடில்லை. ஓய வேண்டாம் என்றே எனக்கும் ஆசை. ஒரு மாணவர் தவணையில் வாங்கிய கருவியின் குரலைத் துரத்தி மூன்று நாடுகளில் பட்டறைகள் இயங்கியிருக்கின்றன என்பது எவ்வளவு பெரிய சந்தோஷம்!

புதிதாக வாங்க முடியாதவர்கள் செய்கிற வேலை இன்னும் சுவாரஸ்யம். பள்ளிக்கூடங்கள் கழித்துவிட்ட பழைய பி ஃபிளாட் டியூபாவை வாங்குவார்கள். பழுதுபார்க்கும் கைவினைஞரிடம் கொடுத்துக் குழாயை வெட்டிச் சுருக்கிச் சி டியூபாவாக மாற்றுவார்கள். வால்வு ஒரு கருவியிலிருந்து, மணி இன்னொன்றிலிருந்து, வளைவுக் குழாய் வேறொன்றிலிருந்து. இந்த ஒட்டுக் கருவிக்கு ‘ஃபிராங்கன்டியூபா’ என்று பெயர். ஆசை ஆசையாய் அதைத் தடவிப் பார்க்கிறவரிடம் மொத்தச் செலவைக் கேட்டால், புதிதின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

சில்லறைச் செலவுகளையும் பார்த்துவிடலாம். ஒரு நல்ல மவுத்பீஸ் நூறு டாலரிலிருந்து முந்நூறு வரை. ஒவ்வொரு டியூபாவுக்கும் வேறு வேறு, அதிலும் துருப்பிடிக்காத எஃகு, வெள்ளி முலாம், தங்க முலாம், டைட்டானியம் என்று ரகங்கள். ஒரு மேசை இழுப்பறை நிறைய வைத்திருக்காத டியூபாக்காரரைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அமெரிக்க அணிவகுப்பு இசையமைப்பாளர் சூசாவின் பேண்டில் வாசித்த ஆகஸ்ட் ஹெல்பெர்க் பெயரில் வந்த மவுத்பீஸ் வகை இன்றும் விற்பனையில் இருக்கிறது. ஒலியை அடக்க மணிக்குள் செருகும் மியூட் ஒன்று வேண்டும். ஒரு சின்னக் குழந்தை உள்ளே உட்காரலாம், அவ்வளவு பெரியது. விமானத்துக்குக் கடினமான பெட்டி, ஊருக்குள் போக மெத்தை வைத்த பை, கூடவே காப்பீடு, நசுங்கல் எடுக்கும் கூலி. காரை வாங்கும்போதே டியூபாவைக் கடைக்குக் கொண்டுபோய் உள்ளே நுழைகிறதா என்று பார்க்கிறவர்கள் உண்டு.

போட்ட பணம் திரும்பி வருமா? ஹாலிவுட்டில் வரும். ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரே ஆள் இரண்டாவது கருவியையும் வாசித்தால் சங்க விதிப்படி கூடுதல் சம்பளம். அதிரடிப் படங்களுக்குச் சிம்பாஸ்ஸோவின் உறுமல் வேண்டும் என்று இசையமைப்பாளர் கேட்கும்போது, வீட்டில் ஒன்று வைத்திருப்பவருக்குத்தான் அழைப்பு. ‘ஜாஸ்’ படத்தில், 1975-இல், சுறா வரும்போது ஒலிக்கும் அந்த டியூபா டாமி ஜான்சனுடையது. படத்தின் இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸ் தான் எழுதிய மேல்ஸ்தாயியிலேயே அவரை வாசிக்க வைத்தார். அதே உலகத்தைச் சேர்ந்த ஜிம் செல்ஃப் ஒரு படி மேலே போனார். டிரம்பெட் போன்ற ஃபுளூகல்ஹார்னை டியூபா அளவுக்குப் பெரிதாக்கினால் எப்படி இருக்கும் என்று யோசித்தார். ராப் ஸ்டூவர்ட் என்ற கைவினைஞர் அதைச் செய்தே கொடுத்துவிட்டார். பெயர் ‘ஃபுளூபா’. கடையில் கிடைக்காத கருவியைச் சொல்லிச் செய்து வாங்கும் அந்தத் துணிச்சலுக்கு என் முழு ஓட்டு.

இளையவர்களுக்கு மட்டும் நெஞ்சு படபடக்கும். ஒரு இசைக்குழுவில் ஒரே டியூபா வேலை. உட்கார்ந்தவர் நாற்பது ஆண்டுகூட எழுந்திருக்க மாட்டார். பிலடெல்பியாவில் 2006-இல் அந்த வேலைக்கு ஏறக்குறைய இருநூறு பேர் போட்டியிட்டார்கள். வென்றவர் மிஷிகன் பல்கலைக்கழகத்தில் அப்போது படித்துக்கொண்டிருந்த கரோல் யான்ச். ஒரு பெரிய அமெரிக்க இசைக்குழுவின் டியூபா நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் அவர். அந்த ஆடிஷனுக்கு வருகிற ஒவ்வொருவரும் சம்பளம் என்ற ஒன்றைப் பார்ப்பதற்கு முன்பே சி டியூபாவும் எஃப் டியூபாவும் சொந்தமாக வைத்திருக்க வேண்டும். கல்விக் கடனோடு டியூபாக் கடன். அந்தப் பிள்ளைகளுக்கு இன்னும் அதிக இசைக்குழுக்கள் கருவி வாங்கிக் கொடுத்தால் நன்றாக இருக்கும்; வேலைக்கு வந்தவருக்குக் கருவியைத் தாங்களே கொடுக்கிற இசைக்குழுக்கள் ஏற்கெனவே இருக்கின்றன.

சேகரிப்பு என்றால் என்ன என்று காட்டியவர் வின்சென்ட் சிமோனெட்டி. வட கரோலினாவின் டர்ஹமில் 1984-இல் டியூபாவுக்கென்றே ஒரு கடை தொடங்கினார். கடைக்கு வந்த பழைய கருவிகளில் விற்க மனம் வராதவை தங்கின. தங்கியவை முந்நூறைத் தாண்டின. 2016-இல் அவரும் மனைவி எத்தலும் அவற்றை ஒரு அருங்காட்சியகமாக எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். உடலைச் சுற்றி அணியும் ஹெலிகான், தோளில் ஏறும் சூசஃபோன், வால்வுக்குப் பதில் சாவிகள் கொண்ட ஓஃபிக்ளைட் என்று இந்த இனத்தின் குடும்பமே அங்கே வந்து சேர்ந்தது.

இப்படி வீடுகளில் அடைந்து கிடப்பவை ஆண்டுக்கு ஒருமுறை வெளியே வருகின்றன. வில்லியம் பெல் என்ற பெரிய டியூபா ஆசான் 1902 கிறிஸ்துமஸ் அன்று பிறந்தவர். அவர் நினைவாக மாணவர் ஹார்வி ஃபிலிப்ஸ் 1974-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் சென்டர் பனிச்சறுக்குத் தளத்துக்கு நாட்டின் டியூபாக்காரர்களை அழைத்தார். முந்நூறு பேர் வந்து கிறிஸ்துமஸ் பாடல்களை அடிக்குரலில் ஊதினார்கள். இன்று இந்த நிகழ்ச்சி பல ஊர்களில் நடக்கிறது. வாசிக்கிறவர்களுக்குச் சம்பளம் இல்லை. அவர்களே ஒரு சிறு பதிவுக் கட்டணம் கட்டிவிட்டுத்தான் உட்காருகிறார்கள். முப்பதாயிரம் டாலர் கருவிக்குப் பக்கத்தில் தாத்தாவின் நசுங்கிய சூசஃபோன் இருக்கும், அதற்குப் பக்கத்தில் இரட்டை மணி யூஃபோனியம் இருக்கும். டிசம்பரில் அந்தப் பக்கம் போகிறவர்கள் அவசியம் போய் நில்லுங்கள். முன்வரிசையில் இடம் பிடியுங்கள், கருவி ஒவ்வொன்றின் வயதையும் விலையையும் கேளுங்கள். கேட்கிற ஆளுக்காகத்தான் அவர்கள் காத்திருக்கிறார்கள்.