அளவெடுக்காமல் விட்ட கரிக்கோச்சி

பெட்டியைத் திறந்தால் லேசரில் வெட்டிய இரும்புத் தகடுகள், வார்ப்புச் சக்கரங்கள், சிலிண்டர்கள், பொட்டலம் பொட்டலமாக ரிவெட்டுகள், இவற்றோடு கட்டுக்கட்டாக வரைபடங்கள். ஆஸ்திரேலிய ரயில்வேயின் நீராவி எஞ்சின்களைப் பெரிய அளவில் மாதிரியாகக் கட்டுகிறவர்கள் வாங்கும் 'கிட்' இப்படித்தான் இருக்கும். ஏழேகால் அங்குல இடைவெளித் தண்டவாளத்தில் ஓடும் எஞ்சின் ஆட்களையும் ஏற்றி இழுக்கும். நாலடி எட்டரை அங்குலப் பாதை எஞ்சின் அதில் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும். இரண்டரை அடிப் பாதை எஞ்சின் நாலில் ஒரு பங்காக நிற்கும்.

இது விளையாட்டுச் சாமான் இல்லை. கட்டி முடித்த கொதிகலனில் முதலில் தண்ணீரை நிரப்பி, அது தாங்கவேண்டிய அழுத்தத்தைப்போல் இரண்டு மடங்கு கொடுத்துப் பார்க்கிறார்கள். நீராவியில் சோதித்தால் பிளக்கும்போது வெடிக்கும். தண்ணீர் என்றால் பீறிட்டு அடங்கிவிடும்.

இங்கே இலங்கை மலைநாட்டில், பொல்பிட்டியவுக்கு வருகிறவர்கள் கீழே கித்துல்கலையைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். களனி கங்கையில் பாலம் கட்டி, ரயிலோடு சேர்த்துத் தகர்த்து எடுத்த படம் 1957இல் வெளிவந்தது. தகர்த்த ரயிலை உலகம் அறியும். மலையிலிருந்து நம் தேயிலையை இறக்கிய கோச்சியை யார் அறிவார்?

ஆஸ்திரேலியாவும் நம் மலையும் சந்திக்கும் இடம் காராட் எஞ்சின். லண்டனில் நியூ சவுத் வேல்ஸ் ரயில்வேக்காக வேலை பார்த்த ஓர் ஆங்கிலப் பொறியியலாளரின் யோசனை அது. அவர் பெயரே எஞ்சினுக்கும் நிலைத்தது. முதலாவது 1909இல் தாஸ்மேனியாவுக்குப் போனது. கொதிகலன் நடுவில் தொங்க, முன்னும் பின்னும் இரண்டு சக்கரத் தொகுதிகள் தனித்தனியே திரும்பும். 44 அடிக்கு ஓரடி ஏற்றமும் நூறு மீற்றர் ஆர வளைவுகளும் உள்ள நமது மலைப்பாதைக்கு இதைவிடப் பொருத்தமான எஞ்சின் ஏது? 1927இல் ஒன்று வந்தது, 1945இல் எட்டு வந்தன. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலைக்கு ஏறிய இரண்டரை அடிப் பாதையிலும் ஒரு காராட் ஓடியது. அந்தப் பாதை 1948க்குள் முழுவதும் மூடப்பட்டது. இன்று ஒரு காராட்கூட நாட்டில் இல்லை.

இதே இரண்டரை அடி அகலப் பாதைக்கு ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1925இல் கட்டிய இரண்டு காராட்களை இறக்கியது. அவற்றில் ஒன்று மெல்பேர்னுக்கு வெளியே மலைக்காட்டில் இன்றும் ஓடுகிறது. மாதிரி கட்டுகிறவர் நாடாவோடு போய் அளந்து வரலாம். நமக்கு மிஞ்சியது புகைப்படம்தான். படத்தைப் பார்த்து உயரத்தைக் கணக்கிடலாம். அடிச்சட்டத்தின் உள்ளே நீராவிக் குழாய் எந்தப் பக்கம் வளைந்தது, மூட்டு எப்படிச் சுழன்றது என்பதைப் படம் சொல்லாது. ஐந்து அங்குலத் தண்டவாளத்துக்கு நமது அகலப்பாதை எஞ்சினைச் சுருக்கினால் ஓரங்குல ரிவெட்டுத் தலை இரண்டு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவாக வரும். அந்த நுணுக்கத்தில் வேலை செய்ய வேண்டியவனுக்கு ஊகம் உதவாது.

லயத்துக் கூரை ஒழுகும்போது பழைய இரும்பைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் எனக்கு உள்ள பயம் இரும்பைப் பற்றியது மட்டும் இல்லை. கொழுந்து உருட்டும் ரோலரின் தேய்ந்த தண்டை லேத்தில் கடைந்து மறுநாளே ஓடவைக்கும் பிட்டர்மார் நம் தோட்டத்து பேக்டரிகளில் இருக்கிறார்கள். வெளிநாட்டில் ஓய்வுக்காலத்தில் பணம் கட்டிப் பழகும் கைவேலை இவர்களுக்குத் தினக்கூலி வேலை. அவர்களும் ஓய்வு பெற்றுக்கொண்டே இருக்கிறார்கள். தகடு வெட்ட கொழும்பில் லேசர் இயந்திரம் இருக்கிறது, கடைய ஆள் இருக்கிறார்கள். வரைபடம்தான் இல்லை.

கடுகண்ணாவை ரயில் அருங்காட்சியகத்திலும் தெமட்டகொடையிலும் வேறு வகை நீராவி எஞ்சின்கள் இன்னும் நிற்கின்றன. இந்த பிட்டர்மாரில் நாலு பேரை அழைத்துப்போய், ஒரு சின்ன எஞ்சினை நட்டு நட்டாக அளந்து, தமிழிலும் சிங்களத்திலும் வரைபடம் போடவேண்டும். செலவு வாகனக் கூலியும் சாப்பாடும்தான். தாத்தா பயர்மேனாகவோ ஷெட்டில் பிட்டராகவோ இருந்த வீடுகளில் பழைய டிரங்குப் பெட்டியை ஒருமுறை கிளறிப் பாருங்கள். காராட்டின் பக்கவாட்டு வரைபடம் ஒன்று கிடைத்தாலும் போதும், அதிலிருந்து வேலையைத் தொடங்கலாம்.