கண்மாய்க் கரையை உடைக்கும் கள்வன் யார்?

சத்தமில்லாமல் உள்ளே புகும் தண்ணீர்தான் முதல் குற்றவாளி!

ராஜபாளையம் –

கண்மாய்க் கரை உடைந்தால், "மழை ஜாஸ்தி, என்ன பண்றது?" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். ஆனால் மேலே கொட்டும் மழை மட்டும் கரையைச் சாய்ப்பதில்லை. கரைக்குள்ளே நைசாக நுழைந்து, வெளியேற வழி இல்லாமல் தேங்கும் தண்ணீர்தான் ஊரைக் கவிழ்க்கிறது.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மேற்கே மலை. அங்கே பெய்யும் மழை ஓடை ஓடையாக இறங்கி, கண்மாய்களை நிரப்பிவிட்டுக் கிழக்கே போகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியகுளம் கண்மாய் தொடங்கி அத்தனைக்கும் காவல் மண் கரைதான். ஒரு காலத்தில் கரைக்குக் கீழே வயல். இன்று பல இடங்களில் வீடு, கடை!

அந்தரத்தில் தொங்கிய தண்டவாளம்

2023 டிசம்பர் வெள்ளத்தை மறக்க முடியுமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் குளங்கள் உடைந்தன. ஸ்ரீவைகுண்டம் அருகே ரயில் பாதையின் மண் மேடு அரித்துப்போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் நிலையத்திலேயே நிறுத்தப்பட்டதால் சுமார் 800 பயணிகள் உயிர் தப்பினார்கள்.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2020 ஆகஸ்டு 6-ந் தேதி இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மலைச்சரிவு இறங்கி 70 பேர் பலியானார்கள். தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். பலருக்குச் சொந்த ஊர் நம்ம கயத்தாறு பக்கம். 2024 டிசம்பர் 1-ந் தேதி திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் வீட்டின் மேல் சரிந்து 7 பேர் மாண்டார்கள். அதில் 5 பேர் குழந்தைகள்.

அரிசிக் கடையில் பாடம்

மண் ஏன் சரிகிறது? அரிசிக் கடைக்குப் போய்க் குவியலைப் பாருங்கள். எவ்வளவு கொட்டினாலும் ஒரு சாய்வுக்கு மேல் நிற்காது. மண்ணும் அப்படித்தான். மணிக்கு மணி உரசிப் பிடித்துக்கொள்வதால்தான் அது நிற்கிறது. நடுவே தண்ணீர் புகுந்து நெருக்கினால் பிடி தளரும். பாரமும் கூடும். பிறகு சரிய வேண்டியதுதான் பாக்கி.

நம்ம பக்கத்துக் கரிசல் மண்ணில் இன்னொரு தொல்லை. கோடையில் வெடிப்பு விடும். முதல் மழைத் தண்ணீர் அந்த வெடிப்பு வழியே நேராக உள்ளே இறங்கிவிடும். நண்டு வளையும் எலி வளையும் திருடனுக்குத் திறந்துவைத்த கதவு. நிறைந்த கண்மாயை மடை திறந்து ஒரேயடியாக வடியவிட்டாலும் ஆபத்து. வெளியே நீர் இறங்கிவிடும். கரைக்குள் ஈரம் இறங்காது. உள்பக்கக் கரை சரியும்.

கணக்கு என்ன?

1916-ல் சுவீடனில் கோதன்பர்க் துறைமுகக் கரை சரிந்தது. அதை ஆராய்ந்த பொறியாளர்கள், மண் வட்ட வளைவாக வழுக்குவதைக் கண்டு கணக்குப் போட்டார்கள். இன்றும் அந்த வழி புழக்கத்தில் உண்டு. தாங்கும் பலத்தைத் தள்ளும் பலத்தால் வகுக்க வேண்டும். 1 வந்தால் கரை உயிர் ஊசலாடுகிறது என்று அர்த்தம். கண்மாய் நிறைந்து கசிவு சீராக இருக்கும்போது 1.5 வேண்டும் என்பது பொறியாளர் கணக்கு.

வைத்தியம் உண்டு

சாய்வைக் குறைக்கலாம். கரையின் அடியில் மணலும் ஜல்லியும் அடுக்கி, மண்ணை விடாமல் தண்ணீரை மட்டும் வெளியேற்றலாம். நீலகிரி சாலைகளில் நெடுஞ்சாலைத் துறை சரிவுக்குள் நீளக் கம்பிகளை ஆணி போல இறக்கி, மேலே புல் விதை தெளித்திருக்கிறது. வெட்டிவேர் சுமார் 3 மீட்டர் ஆழம் வரை இறங்கி மண்ணைக் கட்டிப் பிடிக்கும். உலகமே அதைத் தமிழ்ப் பெயரில்தான் கூப்பிடுகிறது!

ஆனால் கரையின் அடிமண்ணைத் திருடி டிராக்டரில் ஏற்றினால் எந்த வைத்தியமும் பலிக்காது. அடிமண்தான் கரையின் கால். காலை வெட்டிவிட்டு ஆளை நிற்கச் சொன்னால் நடக்குமா?

இதைப் பாருங்க!

ஐப்பசி மழைக்கு முன்னால் கரையில் ஒரு நடை நடந்து பாருங்கள். மேலே நீளவாக்கில் வெடிப்பு, நடுவில் வயிறு தள்ளிய இடம், சாய்ந்த மரம் – இதெல்லாம் எச்சரிக்கை. வெளிப்பக்கம் தெளிந்த நீர் லேசாகக் கசிந்தால் கண் வையுங்கள். கலங்கலாக வந்தால் உள்ளே மண் கரைகிறது, தாமதம் கூடாது. களிமண்ணை வைத்து அடைக்காதீர்கள். அடைத்தால் தண்ணீர் வேறு வழி பிடிக்கும். ஊற்றைச் சுற்றி மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்கி, கீழ்வீட்டுக்காரர்களை மேட்டுக்கு அனுப்பிவிட்டு, 1077-க்கு போன் செய்யுங்கள்.

கரை சும்மா உடைவதில்லை. முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் உடைகிறது. கேட்க ஆள் வேண்டும்!