தறிப் பட்டறையில் பிறந்த கார்

கடலூர் மாவட்டத்தில் கைத்தறி லுங்கிக்குப் பெயர்பெற்ற ஊர் குறிஞ்சிப்பாடி. கடலூர் - சிதம்பரம் சாலையில் ஓடும் மாருதி சுசுகி கார்களின் பூர்வீகமும் நெசவுத் தறிதான் என்பது உங்களுக்குத் தெரியுமா?

ஜப்பானின் ஹமமட்சு நகரில், தச்சு வேலை கற்ற மிச்சியோ சுசுகி, 1909-இல் தறி செய்யும் பட்டறையைத் தொடங்கினார். அவர் உருவாக்கிய முதல் தறி, நெசவு செய்துவந்த தன் தாய்க்காக! பின்னாளில், கைலித் துணி நெய்யும் தறிகளைத் தென்கிழக்கு ஆசியாவுக்கு ஏற்றுமதி செய்தார்.

1951-இல் பருத்திச் சந்தை சரிந்தது. தறித் தொழில் தள்ளாடியது. நிறுவனம் சோர்ந்துவிடவில்லை. 1952-இல் இன்ஜின் பொருத்திய சைக்கிளையும், 1955-இல் 'சுசுலைட்' என்ற சிறிய காரையும் தயாரித்தது.

1983 டிசம்பரில், சுசுகியின் கூட்டில் உருவான மாருதி 800 இந்தியச் சாலைக்கு வந்தது. குறைந்த எரிபொருள் செலவு, எளிதான பராமரிப்பு ஆகியவற்றால் நடுத்தரக் குடும்பங்களின் முதல் கார் ஆனது. அடுத்த ஆண்டே தமிழ்நாட்டின் ஓசூரில், சுசுகி - டி.வி.எஸ். குழுமக் கூட்டில் 'இந்த் சுசுகி' மோட்டார் சைக்கிளும் பிறந்தது. அந்தக் கூட்டு 2001 வரை நீடித்தது.

சுசுகி நிறுவனத் தலைவராக இருந்து மாருதியை வளர்த்த ஒசாமு சுசுகிக்கு, மறைவுக்குப் பின் 2025-இல் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

தறியைச் செம்மையாகச் செய்த கைகள்தான் காரையும் செய்தன. கற்ற தொழிலின் நுட்பம் ஒருநாளும் வீண்போகாது, நேயர்களே!