பற்றுதலும் பற்றப்படுதலும்: கிறிஸ்தவரின் தெரிந்தெடுப்பு வாதமும் நம் க்ருபா விசாரமும்



உதகையிலிருந்து கூடலூருக்கு இறங்கும் மலைச்சாலையில் உள்ளது நடுவட்டம். முன்பு அரசின் சிங்கோனாத் தோட்டம் இருந்த இவ்வூரில் இன்று தேயிலையே மிகுதி. அடியேனின் அயலாராகிய கிறிஸ்தவப் பெரியவர் ஒருவர் ஒருநாள் இவ்வாறு வினவினார்: "எங்களில் சிலர், யார் இரட்சிக்கப்படுவார் என்பதைத் தேவன் முன்னமே குறித்துவிட்டார் என்கின்றனர், வேறு சிலர், மனிதன் இசைந்தாலன்றி இரட்சிப்பு இல்லை என்கின்றனர். உங்களிலும் பூனை என்றும் குரங்கு என்றும் இரு கட்சிகள் உண்டாமே, அவையும் இவையும் ஒன்றுதானா?"

ஆம் என்று சொல்லிவிடுவது எளிது. ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் ஒட்டோ நம் ப்ரபத்தி மார்க்கத்தையும் கிறிஸ்தவத்தையும் ஒப்பிட்டு 1930இல் ஒரு நூல் வெளியிட்டார். ஐரோப்பிய ஆராய்ச்சியாளர் சிலர் தென்கலையாரைக் கால்வினுக்கும் வடகலையாரை அர்மீனியஸுக்கும் ஒப்பிடுவதும் வழக்கமாயிற்று. இவ்வொப்புமை பாதியளவே பொருந்தும் என்பதையும், மற்றப் பாதியை ஆராயாமல் ஏற்பது நம் பூர்வாசார்யர்கள் கூறாததை அவர்கள்மேல் ஏற்றுவதாகும் என்பதையும் இங்கு விண்ணப்பிக்கிறேன்.

கிறிஸ்தவ வாதத்தின் வரலாறு

வேதாந்தத்தில் பேத ச்ருதியும் அபேத ச்ருதியும் இருப்பதுபோல, விவிலியத்திலும் இருவகை வாக்கியங்கள் உள்ளன. பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தில், யாக்கோபும் ஏசாவும் பிறந்து நன்மை தீமை எதுவும் செய்வதற்கு முன்னமே ஒருவன் தெரிந்துகொள்ளப்பட்டான் என்கிறார். குயவனையும் களிமண்ணையும் உவமையாக்குகிறார். பிலிப்பியருக்கு எழுதும்போது அவரே, உங்கள் இரட்சிப்பு நிறைவேற நீங்களே அச்சத்தோடு முயலுங்கள் என்று விதிக்கிறார். உடனே, விருப்பத்தையும் செயலையும் உங்களில் உண்டாக்குபவர் தேவனே என்றும் சொல்கிறார். இவ்வாக்கியங்களை ஒருங்கவிடும் முயற்சியே அவர்களுடைய பதினாறு நூற்றாண்டு வாதம்.

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலேகியஸ் என்னும் துறவி, மனிதன் தன் சித்தத்தாலேயே நன்மையில் நிற்க வல்லவன் என்றார். வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரின் ஆயரான அகுஸ்தீன் (354–430) இதை மறுத்தார். ஆதாமின் பாவத்தால் மனித குலம் முழுதும் அழிவுக்கு உரியதாயிற்று. அதிலிருந்து சிலரைத் தேவன் கிருபையால் எடுக்கிறார். எடுக்கும்படி கேட்கும் விருப்பமும் அவர் தந்ததே என்பது அவர் கொள்கை. 418இல் கார்த்தேஜ் சங்கம் பெலேகிய மதத்தை விலக்கியது. 529இல் ஆரஞ்சு நகரில் கூடிய சங்கம் கிருபையே முற்பட்டது என்று நிலைநாட்டி, தேவன் ஒருவனைத் தீமைக்கென்று நியமிக்கிறார் என்பதைக் கண்டித்தது.

இவ்வாதம் 16ஆம் நூற்றாண்டில் மீண்டும் மூண்டது. மனித சித்தத்துக்குச் சிறிதேனும் இடமுண்டு என்று 1524இல் எராஸ்மஸ் எழுத, அது அடிமைப்பட்ட சித்தமே என்று 1525இல் லூத்தர் மறுத்தார். கால்வின் (1509–1564) இன்னும் ஓரடி சென்று, சிலர் வாழ்வுக்கும் சிலர் அழிவுக்கும் நித்திய சங்கல்பத்தால் முன்குறிக்கப்பட்டனர் என்றார். ஹாலந்து நாட்டு அர்மீனியஸ் (1560–1609), தேவன் முன்னறிந்த விசுவாசத்தைப் பார்த்தே தெரிந்துகொள்கிறார், கிருபையை மனிதன் மறுக்கவும் கூடும் என்றார். 1618–19இல் டோர்ட் நகரில் கூடிய சங்கம் இதைத் தள்ளியது. அந்நாட்டில் அரசியல் பூசலும் இவ்வாதத்தோடு பின்னிக்கிடந்தது. அர்மீனியஸ் கட்சியாரை ஆதரித்த முதுபெரும் அமைச்சர் ஓல்டன்பார்னவெல்ட் 1619இல் தலை வெட்டப்பட்டார்.

கத்தோலிக்கருக்குள்ளும் இதே பூசல் எழுந்தது. இயேசு சபையைச் சார்ந்த மோலினா சித்த ஸ்வாதந்த்ர்யத்தைக் காக்கும்படி 1588இல் நூல் செய்தார். தொமினிக்க சபையார் அதைக் கடுமையாக மறுத்தனர். ரோமாபுரியில் ஆண்டுக்கணக்காக விசாரணை நடந்தது. 1607இல் போப்பாண்டவர் ஐந்தாம் பவுல் இரு தரப்பாரையும் தத்தம் கொள்கையோடு இருக்கவிட்டு, ஒருவர் மற்றவரை அவைதிகர் என்பதுபோல் பழிக்கலாகாது என்று விதித்தார். தக்க காலத்தில் தருவதாகச் சொன்ன தீர்ப்பு இன்றுவரை வரவில்லை.

நம் நாட்டிலும் இதன் தொடர்ச்சி உண்டு. 1846இல் நீலகிரிக்கு வந்து கேத்தியில் நிலைகொண்ட பாசல் மிஷன், லூத்தரையும் கால்வினையும் பின்பற்றுவோர் இருதரப்பாரும் சேர்ந்து நடத்திய அமைப்பு. 1947 செப்டம்பர் 27இல் சென்னையில் அமைந்த தென்னிந்தியத் திருச்சபையில், கால்வினின் வழிவந்த பிரஸ்பிட்டேரியரும், அர்மீனியஸின் கொள்கையைத் தழுவிய ஜான் வெஸ்லியின் வழிவந்த மெதடிஸ்டுகளும், ஆங்கிலிக்கரும் ஒன்றாயினர்.

நம் தர்சனத்தில் இதற்கு நேரான இடம்

பரமாத்மா எவனை வரிக்கிறானோ அவனாலேயே அடையத்தக்கவன் என்கிறது கடோபநிஷத்து. எவரை உயர்த்த நினைக்கிறானோ அவரை நற்கருமம் செய்விக்கிறான், எவரைத் தாழ்த்த நினைக்கிறானோ அவரைத் தீக்கருமம் செய்விக்கிறான் என்கிறது கௌஷீதகி. இவற்றை மட்டும் கொண்டால் கால்வினின் கொள்கையே கிட்டும். எம்பெருமானார் அவ்வாறு கொள்ளவில்லை. வரிக்கப்படுபவன் ப்ரியதமன், எவனுக்குப் பகவான் எல்லையற்ற ப்ரியமோ அவனே பகவானுக்கும் ப்ரியதமன் என்று ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கத்திலேயே நிர்வஹித்தார். ஜீவனின் கர்த்ருத்வம் பராதீநம் என்று ஸ்தாபிக்கும் அதிகரணத்தில், ஜீவன் செய்யும் முதல் ப்ரயத்நத்தை அபேக்ஷித்தே ஈச்வரன் அநுமதி தருகிறான் என்றார். ஆகவே விதி நிஷேத சாஸ்த்ரங்கள் வீணாகா. ஈச்வரனுக்கு வைஷம்யமும் நைர்க்ருண்யமும் வாரா.

இதன்பின் எழுந்ததே இரு நியாயங்களின் விசாரம். தாயைக் குட்டி பற்றுவது மர்க்கட கிசோர நியாயம். குட்டியைத் தாய் கவ்விச் செல்வது மார்ஜார கிசோர நியாயம். வேதாந்த தேசிகன் (1268–1369) ஸித்தோபாயம் பகவானே என்று அறுதியிட்டு, ப்ரபத்தியை அவன் க்ருபை பெருகுவதற்கு ஒரு வ்யாஜமாக வைத்தார். வ்யாஜமும் வேண்டாவெனில் ஒருவனுக்கு மோக்ஷமும் மற்றவனுக்கு ஸம்ஸாரமும் ஏன் என்ற கேள்விக்கு விடை வேண்டும். இல்லையேல் ஸர்வமுக்தி ப்ரஸங்கம் வரும். பிள்ளை லோகாசார்யரோ, சேதநன் செய்யும் எதையும் உபாயமாக எண்ணுவது அவன் ஸ்வரூபமான பாரதந்த்ர்யத்துக்குச் சேராது என்றார். வேண்டுவது அப்ரதிஷேதம், அதாவது தடுக்காமை மட்டுமே. நாம் அறியாமல் செய்தவற்றையும் நற்கருமமாகக் கணக்கிட்டுக்கொண்டு நம்மைப் பிடிக்கக் காரணம் தேடுபவன் அவனே.

ஒப்புமை எங்கே தவறுகிறது

தேசிகனைப் பெலேகியஸாகக் காண்பது பிழை. வ்யாஜம் விலையாகாது. பெருங்கொடையாளி தருவதற்கு யாசகன் நீட்டிய கை காரணமென்று எவரும் சொல்லார். ஆயினும் நீட்டாத கையில் அவன் திணிப்பதில்லை. பிள்ளை லோகாசார்யரைக் கால்வினாகக் காண்பது அதனினும் பெரும்பிழை. நிர்ஹேதுக க்ருபை என்பது, ரக்ஷிக்கப்படுவதற்கு நம்மிடம் ஹேது இல்லை என்று கூறும் சொல். கைவிடப்படுவோரை அவன் முன்னமே குறித்தான் என்பது அதிலிருந்து பெறப்படுவதன்று. அவனுடைய நிரங்குச ஸ்வாதந்த்ர்யத்தைப் பேசும்போதும் பூர்வர்கள் பிராட்டியின் புருஷகாரத்தைக் கூடவே பேசினார்கள்.

இவ்வேறுபாட்டின் வேர் வேறிடத்தில் உள்ளது. கிறிஸ்தவ மதத்தில் பிறவி ஒன்றே. அதன் முடிவில் தீர்ப்பு. ஆகவே தெரிந்துகொள்ளப்படாதவனுக்கு மறுவாய்ப்பு இல்லை. நம் தர்சனத்தில் கர்மம் அநாதி, பிறவிகள் பல. இன்று விமுகனாயிருப்பவன் என்றும் விமுகனாகவே இருப்பான் என்ற சங்கல்பம் ஈச்வரனிடம் இல்லை. அவர்கள் "யாரை விட்டான்?" என்று கேட்கும் இடத்தில் நாம் "எப்போது எடுப்பான்?" என்று கேட்கிறோம். முன்குறித்த அழிவுக்கு இந்நாட்டில் நேர் தேடினால், ஜீவர்களில் சிலர் இயல்பாகவே தமஸ்ஸுக்கு உரியவர் என்னும் மத்வாசார்யரின் த்ரைவித்யமே சற்று அருகில் வரும். அங்கும் அது ஜீவ ஸ்வபாவத்தாலன்றி ஈச்வர ஆணையால் விதிக்கப்பட்டதன்று.

சொல்லும் நம்மை மயக்குகிறது. தமிழ்க் கிறிஸ்தவரின் கிருபையும் இரட்சிப்பும் நம் க்ருபையும் ரக்ஷணமுமே ஆன வடசொற்கள். சொல் ஒன்றாயினும், அவர்கள் பேசுவது ஆதாமின் குற்றத்திலிருந்து மீட்பது. நாம் பேசுவது தன் உடைமையை ஸ்வாமி தானே கைக்கொள்வது.

அச்சமும் அச்சமின்மையும்

ஆயினும் ஓரிடத்தில் இரு மரபும் மெய்யாகவே சந்திக்கின்றன. நான் தெரிந்துகொள்ளப்பட்டவன்தானா என்ற கலக்கம் கால்வினின் வழிவந்தோரில் பலரைத் துன்புறுத்தியது. உன்னுள் பார்க்காதே, கிறிஸ்துவைப் பார் என்பதே அவர்களுடைய போதகர் சொன்ன ஆறுதல். பிள்ளை லோகாசார்யரும் அச்சத்துக்குக் காரணம் கர்மம், அச்சமின்மைக்குக் காரணம் காருண்யம் என்று பிரித்து, இவ்விரண்டையும் மாற்றி நினைப்பது அஜ்ஞானமே என்றார். தேசிகனும் பரந்யாஸம் செய்தவன் நிர்பரனாய், பயமற்றவனாய் இருக்கவேண்டும் என்றே உபதேசித்தார். கலை வேற்றுமை இவ்விடத்தில் இல்லை.

1607இன் ஆணையும் 1947இன் இணைப்பும் நமக்கு ப்ரமாணங்கள் அல்ல. ஆயினும் ஒரே ஆழ்வார்களையும் ஒரே எம்பெருமானாரையும் ஒரே ரஹஸ்யத்ரயத்தையும் கொண்ட நாம், ஸந்நிதியில் எந்தப் பாத்திரம் முதலில் என்பதற்காக நீதிமன்றம் ஏறிய வரலாற்றை நினைக்கையில் நாணம் மேலிடுகிறது.

அயலாருக்கு அடியேன் அளித்த விடை இது: "எங்கள் இரு திறத்தாரும் தாய் குட்டியை விடாள் என்பதில் ஒன்றுபட்டவர்கள்; குட்டியின் கை எதற்கு என்பதில்தான் வேறுபட்டோம்." அவர் சற்று நேரம் பேசாதிருந்து, தம் சபையிலும் ஜெபிக்கும்போது எல்லோரும் அப்படித்தான் என்றார்.